பொன்மீன் தொட்டி: வன்னி வெப்பத்துக்கேற்ற அமைப்பும் பராமரிப்பும்

வயலிலும் தோட்டத்திலும் பகல் முழுவதும் உழைத்து வீடு திரும்பும் கமக்காரருக்கு, முன்னறையில் அமைதியாக நீந்தும் சில பொன்மீன்கள் மனத்துக்கு ஆறுதல் தருவன. சிறுவருக்கோ அவை உயிர்களைப் பேணும் பழக்கத்தைக் கற்பிப்பன. ஆயினும், கடையில் விலை கொடுத்து வாங்கிய பொன்மீன் ஒரு கிழமை செல்லுமுன் இறந்து மிதப்பது பல வீடுகளில் நிகழ்வதொன்றாகும். இதற்கு மீனின் குறைபாடோ வீட்டாரின் கைராசியோ காரணமன்று. பெரும்பாலும் மூன்று காரணங்களே உள்ளன: நீரின் வெப்பம் மிகுதல், தொட்டி மிகச் சிறியதாயிருத்தல், பயிருக்குத் தெளிக்கும் நஞ்சு எவ்வகையிலோ நீரைச் சேர்தல். அக்கராயன் போன்ற உலர் வலயக் குடியேற்றங்களில் இம்மூன்றும் ஒருங்கே அமைவதுண்டு. இவற்றை முன்கூட்டியே அறிந்து தொட்டியை அமைப்பவருக்கு இழப்பு நேர்வது அரிது. அவ்வாறு அமைக்கும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

1. பொன்மீனின் இயல்பு

பொன்மீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சாம்பல் நிறமான ஒரு காட்டு மீனிலிருந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீன நாட்டில் தெரிவு முறையால் இது வளர்த்தெடுக்கப்பட்டது. நல்ல மணிகளைத் தெரிந்து விதைநெல்லாக வைப்பது போலவே, செந்நிறமும் மஞ்சள் நிறமும் உடைய குஞ்சுகளை மட்டும் தெரிந்து இனம்பெருக்கினர். அங்கிருந்து யப்பானுக்கும், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் இம்மீன் சென்றது. இன்று கடைகளிற் கிடைக்கும் இரட்டை வாலும் உருண்ட உடலும் கொண்ட விசிறிவால், தலையில் தசைமுடியுள்ள ஒறண்டா, கரிய நிறமும் பிதுங்கிய கண்ணும் உடைய பிளாக் மூர், கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் குமிழ்க்கண் ஆகிய யாவும் ஒரே இனத்தின் வகைகளே.

தொட்டி அமைக்க விரும்புவோர் இம்மீனின் நான்கு இயல்புகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, இது குளிர்ந்த நீரை விரும்பும் மீன். 18 முதல் 24 பாகை செல்சியசு வரை இதற்கு உகந்த வெப்பநிலை. இரண்டாவது, கையளவு வளரக்கூடியது. விசிறிவால் வகை முறையாக வளர்க்கப்படின் 15 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். மூன்றாவது, மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிவகற்றுவது. நான்காவது, உருண்ட உடல் வகைகள் விரைந்து நீந்த மாட்டா. வேகமான நீரோட்டமும் கூரிய கற்களும் அவற்றுக்குத் துன்பம் தருவன. தொட்டியின் அமைதி என்பது பார்ப்பவர் கண்ணுக்காக மட்டும் அன்று. மெதுவாக நீந்தும் இம்மீனின் உயிர்வாழ்வுக்கும் அதுவே தேவை.

2. தொட்டியின் அளவு

உருண்டைக் கண்ணாடிக் குவளையில் பொன்மீன் வைத்தல் ஆகாது. அதில் நீர் குறைவு. வாய் ஒடுங்கியிருப்பதால் காற்றுப்படும் பரப்பும் குறைவு. ஒட்சிசன் நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்புகுகின்றது. ஆதலால் உயர்ந்து ஒடுங்கிய தொட்டியிலும் பார்க்கத் தாழ்ந்து அகன்ற தொட்டியே சிறந்தது.

ஒரு குடும்பத்துக்கு 3 அடி நீளமும் 1½ அடி அகலமும் 1½ அடி உயரமும் உள்ள தொட்டி போதுமானது. இதில் 15 அங்குல உயரத்துக்கு நீர் விட்டால் ஏறத்தாழ 160 லீற்றர் கொள்ளும். வளர்ந்த பொன்மீன் ஒன்றுக்கு 40 லீற்றர் நீர் என்பது பொதுவான கணக்கு. வெப்பமிக்க இடங்களில் இதனினும் தாராளமாக விடுதல் நன்று. எனவே இத்தொட்டிக்கு மூன்று மீன்களே உரியன. நாற்றை மிக நெருக்கமாக நட்டால் விளைவு குறைவது போலவே, மீனை நெருக்கி விட்டால் அழகும் குறையும், ஆயுளும் குறையும்.

கண்ணாடி 8 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ளதாயிருத்தல் வேண்டும். நீர், மணல், கண்ணாடி ஆகியவற்றின் மொத்தப் பாரம் 200 கிலோகிராமுக்கு மேலாகும். அஃதாவது ஏறத்தாழ மூன்று நெல் மூடைகளின் பாரம். சாதாரண மேசை இதனைத் தாங்காது. சீமெந்துக் கல்லால் கட்டிய மேடையோ உறுதியான இரும்புத் தாங்கியோ வேண்டும். மேடை நீர்மட்டத்துக்குச் சரியாக இருத்தல் வேண்டும். தொட்டியின் அடியில் அரை அங்குலத் தடிப்பான ரெஜிபோம் தகடு விரித்தால், சிறு மேடுபள்ளங்களால் கண்ணாடி வெடிப்பது தவிர்க்கப்படும்.

3. வைக்கும் இடம்

வெயில் நேரே படாத சுவரோரமே தகுந்த இடம். மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலால் சூடேறும். அதனை அடுத்து வைக்கலாகாது. தகரக் கூரையின் கீழ் நேராக வைப்பதும் தவறு. காற்றோட்டமுள்ள வடக்குப் பக்க அறை நன்று. அடுப்புப் புகை படும் குசினியும், பீடைநாசினிப் போத்தல்களும் தெளிகருவியும் வைக்கப்படும் அறையும் அறவே ஆகா.

4. நீர்

வன்னியின் பல இடங்களில் கிணற்று நீர் சுண்ணச் சத்து மிகுந்து கடினமாயுள்ளது. கேத்திலின் உட்புறத்தில் வெண்படிவு படிவதே இதற்கு அடையாளம். பொன்மீன் கடின நீரைத் தாங்கும். ஆதலால் இதனையிட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உவர்ப்பு மிகுந்த கிணற்று நீர் ஆகாது. ஆழத்திலிருந்து இறைத்த நீரில் ஒட்சிசன் குறைவாயிருத்தல் கூடும். எனவே அதனை அகன்ற பிளாத்திக்குப் பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து, இரண்டு மூன்று முறை உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றியபின் பயன்படுத்தல் வேண்டும். குழாய் நீராயின் அதிற் கலந்துள்ள குளோரீன் நீங்குமாறு ஒன்று அல்லது இரண்டு நாள் திறந்து வைத்தல் வேண்டும்.

வாய்க்கால் நீரைத் தொட்டிக்கு எடுக்கலாகாது. குளத்திலிருந்து புறப்படும்போது அது நல்ல நீரே. ஆயினும் வயல்களைக் கடந்து வருகையில் அவற்றின் வடிநீரும், அதனோடு களைநாசினி, பூச்சிநாசினி ஆகியனவும் கலந்துவிடுகின்றன. மழைநீர் நல்லது, எனினும் அதிற் சுண்ணச் சத்து இல்லாமையால் கிணற்று நீருடன் சம அளவாகக் கலந்து விடுதல் நன்று.

செம்பு, நாகம் பூசிய இரும்பு ஆகியவற்றாலான பாத்திரங்களில் நீரைத் தேக்கி வைத்தல் ஆகாது. இவ்வுலோகங்கள் சிறிதளவு கரைந்தாலும் மீனுக்கு நஞ்சாகும்.

5. நீரைப் பக்குவப்படுத்தல்

புதிய தொட்டியில் மீன் இறப்பதற்குப் பெருங் காரணம் அமோனியாவாகும். மீனின் கழிவும் உண்ணாது எஞ்சிய உணவும் அழுகும்போது அமோனியா தோன்றும். வயலுக்கு இட்ட யூரியா மண்ணில் அமோனியாவாகி, பின் காற்றுள்ள மண்படையில் பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறுகின்றது. அதே மாற்றம் தொட்டியிலும் நிகழ வேண்டும். ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றும். முன்னைய இரண்டும் மீனைக் கொல்வன. நைத்திரேற்று சிறிதளவு இருந்தால் தீங்கில்லை.

இப்பற்றீரியாக்கள் மணலிலும் வடிகட்டியின் கடற்பஞ்சு போன்ற துண்டிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். ஆகையால் தொட்டியை அமைத்து, வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இன்றியே நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை இட்டு வருதல் வேண்டும். நன்றாக ஓடும் பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு பிடி மணலோ பாவித்த வடிகட்டித் துண்டோ பெற்று இட்டால் காலம் குறையும். அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவங்களால் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று கண்டபின்னரே மீனை விடுதல் வேண்டும்.

வன்னிக் கமக்காரர் இதில் அதிக கவனஞ் செலுத்தக் காரணமுண்டு. அமோனியாவின் நச்சுத்தன்மை, நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூடும். 30 பாகை வெப்பமுள்ள நடுநிலை நீரில் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கே நச்சு வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில், பி.எச். பெறுமானம் 8 ஆகவுள்ள கடின நீரில் அது நூற்றுக்கு ஏழுக்கும் மேலாகும். கொழும்பிலோ நுவரெலியாவிலோ ஒருவர் செய்து தப்பிய தவறு, வன்னியில் மீனைக் கொன்றுவிடக் கூடும்.

6. அலங்கார அமைப்பு

தொட்டிக்குள் மீன் வைக்கும் முறை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. இலண்டன் இரசாயன அறிஞர் இறொபேட்டு வொரிங்டன், இரண்டு சிறு பொன்மீன்களையும் வலிசுனேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் சேர்த்து வைத்து, தாம் கண்டதை 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியபோது, அழுகலை உண்ணும் குளத்து நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. மீன், செடி, அழுக்கை உண்ணும் உயிர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பதே அச்சோதனையின் பாடம். அழகுக்கும் அதுவே அடிப்படை.

மணல்: கழுவிய ஆற்று மணலை ஒன்றரை அங்குலத் தடிப்புக்கு இடுக. பின்புறம் சற்று உயர்ந்தும் முன்புறம் தாழ்ந்தும் இருக்குமாறு பரப்பினால் தொட்டி ஆழமுள்ளதாகத் தோன்றும். அழுக்கும் முன்புறத்தில் சேர்வதால் எளிதில் அகற்றலாம். பயறளவான சிறு கற்கள் ஆகா. பொன்மீன் மணலை வாயால் அள்ளிச் சலித்து உண்ணும் பழக்கமுடையது. அத்தகைய கல் வாயில் இறுகிக்கொள்ளும். ஆகவே நுண்ணிய மணலையோ, மீனின் வாயிலும் பெரிய உருண்டைக் கூழாங் கற்களையோ தெரிதல் வேண்டும்.

கல்: விளிம்பு மழுங்கிய இரண்டு அல்லது மூன்று கற்கள் போதும். முருகைக் கல்லும் சுண்ணக் கல்லும் நீரின் கடினத்தன்மையை மேலுங் கூட்டுவன. கல்லின்மேல் தேசிக்காய்ச் சாற்றைச் சில துளி விட்டு, நுரை எழுந்தால் அதனை விலக்குக.

கட்டை: வளவில் நெடுங்காலம் காய்ந்து கிடந்த, உளுக்காத வேர்க்கட்டை ஒன்று தொட்டிக்குச் சிறந்த அழகு தரும். அதனை நன்கு தேய்த்துக் கழுவி, நீரில் அவித்து, பின் இரண்டு மூன்று கிழமை ஊற வைத்து நீரை மாற்றி வருதல் வேண்டும். ஊறாத கட்டை மிதக்கும். நீரையும் தேயிலைச் சாயம் போலாக்கும். நச்சுப் பால் உள்ள தில்லை, எருக்கு, கள்ளி ஆகியவற்றின் கட்டைகள் ஒருபோதும் ஆகா. கூரிய முனைகளை அரத்தால் தேய்த்து மழுக்குக. குமிழ்க்கண், பிளாக் மூர் போன்ற வகைகளின் கண்கள் எளிதிற் காயப்படுவன.

செடி: பொன்மீன் மென்மையான செடிகளை உண்ணும், வேரையுங் கிளறும். எனவே தடித்த இலையுள்ள அனுபியாசு, ஜாவாப் பன்னம் ஆகியவற்றை நூலாற் கட்டையில் கட்டி வளர்த்தல் நன்று. வலிசுனேரியாவைப் பின்புறத்தில் நட்டு, அடியைச் சுற்றிக் கூழாங் கல் அடுக்கினால் மீன் பிடுங்காது. இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகொரைன் செடிகள் உலகெங்கும் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படுவன. அவற்றுட் சில அருகி வருவதால், ஓடைகளிலிருந்து பிடுங்காது நாற்றுமேடைகளில் வளர்த்தவற்றையே வாங்குதல் வேண்டும்.

அடுக்கும் முறை: கட்டையைத் தொட்டியின் நடுவில் வைக்காது, நீளத்தின் மூன்றிலொரு பங்கில் வைக்க. அதன் அடியில் கற்களும் பின்னால் செடிகளும் அமைக. எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு மணல்வெளியாகத் திறந்திருக்கட்டும். அதுவே மீன் உலாவும் இடம். பின்புறக் கண்ணாடிக்கு வெளியே கருநீலம் அல்லது கறுப்புக் கடதாசி ஒட்டினால் மீனின் பொன்னிறம் எடுப்பாகத் தோன்றும். மீனும் அச்சமின்றி இருக்கும். பலநிறக் கற்கள், பிளாத்திக்குப் பூக்கள், நீர்க்குமிழி விடும் பொம்மைகள் ஆகியன கண்ணை ஈர்க்கலாம். ஆயினும் அழுக்குச் சேரும் இடங்களும் மீன் அகப்படும் பொந்துகளும் அவற்றால் உண்டாகும். குறைவாக வைப்பதே நிறைவான அழகு.

வடிகட்டியின் நீர்வாய் சுவரை நோக்கியிருந்தால் ஓட்டம் தணியும். விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் போதும். மேலும் எரிந்தால் கண்ணாடியிற் பச்சைப்பாசி படரும்.

7. வெப்பத்தைத் தணித்தல்

20 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். ஆனால் வெப்பம் கூடக்கூட மீனுக்கு வேண்டிய ஒட்சிசனோ கூடுகின்றது. சோழகக் காற்று வீசும் கோடைமாதங்களில் வன்னியில் பகல் வெப்பநிலை 32 பாகைக்கு மேற்படுவது வழக்கம். ஆகவே காற்றூட்டி இங்கே ஆடம்பரப் பொருளன்று, இன்றியமையாதது.

தொட்டியைக் கண்ணாடியால் மூடாது வலையால் மூடுக. நீர்ப்பரப்பின் மேலாகச் சிறு மின்விசிறியின் காற்றுப் படுமாறு செய்தால், நீர் ஆவியாகி இரண்டு மூன்று பாகை குளிரும். மட்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே. மிகக் கடுமையான நாட்களில், மூடிய போத்தலில் உறைந்த நீரை வைத்து மிதக்க விடலாம். ஆனால் வெப்பநிலையைத் திடீரெனக் குறைத்தல் கேடாகும். ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாகைக்கு மேற் குறைக்கலாகாது.

ஆவியாகும் நீரை நிரப்புவதோடு நின்றுவிடுதலும் தவறு. நீர் ஆவியாகும், அதிலுள்ள உப்பு எஞ்சும். வடிகால் இல்லாத வயலில் உவர் பொங்குவது போலத் தொட்டியிலும் உப்புச் சேரும். ஆதலால் ஒரு பங்கு நீரை அகற்றியே புது நீர் விடுதல் வேண்டும்.

மின்சாரம் தடைப்படும்போது உணவு கொடுப்பதை நிறுத்தி, ஒரு சிறு பிளாத்திக்குக் கோப்பையால் தொட்டி நீரை அள்ளி ஒரு சாண் உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றி வந்தால் மீன் பிழைக்கும். பற்றரியால் இயங்கும் சிறு காற்றூட்டி ஒன்றை வைத்திருத்தல் மேலும் நன்று.

8. பீடைநாசினியிலிருந்து காத்தல்

கமக்காரர் வீட்டுத் தொட்டிக்கு மற்றெவர் வீட்டுத் தொட்டிக்கும் இல்லாத அபாயம் இதுவே. கத்தரி, மிளகாய், நெல் ஆகியவற்றுக்குத் தெளிக்கப்படும் பைரித்திரோயிட்டு வகைப் பூச்சிநாசினிகள் மனிதருக்கு ஒப்பீட்டளவில் நச்சுக் குறைந்தனவாயினும், மீனுக்குக் கொடிய நஞ்சாவன. ஒரு லீற்றர் நீரில் ஒரு மில்லிகிராமின் ஆயிரத்திற் சில பங்குகளே மீனைக் கொல்லப் போதும். செம்பு கலந்த பங்கசுநாசினிகளும் அவ்வாறே. ஆகையால் பின்வருவன கண்டிப்பாகக் கைக்கொள்ளப்படல் வேண்டும்:

(அ) தெளிப்பு வேலை செய்தவர் குளித்து உடை மாற்றும் வரை தொட்டியைத் தொடலாகாது. மீனுக்கு உணவும் இடலாகாது.

(ஆ) மருந்து கலக்கிய வாளி எத்தனை முறை கழுவப்பட்டாலும் தொட்டி வேலைக்கு உதவாது. தொட்டிக்கென வேறு நிறத்தில் ஒரு வாளியும் ஒரு குழாயும் ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

(இ) அயலில் தெளிக்கும் நாளில் காற்றுப் பக்கச் சன்னல்களை மூடி, தொட்டியை ஈரத்துணியால் மூடுக.

(ஈ) நுளம்புத் திரியிலும் நுளம்பு விரட்டும் தெளிப்பிலும் இவ்வகை நஞ்சே உள்ளது. காற்றூட்டி அறையின் காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்துவதால், தொட்டியுள்ள அறையில் இவற்றைப் பயன்படுத்தலாகாது. நுளம்பு வலையே பாதுகாப்பானது.

(உ) மீனுக்குக் கொடுக்கும் கீரை மருந்து தெளிக்காத பாத்தியிலிருந்தே பறிக்கப்படல் வேண்டும்.

இவ்வழக்கங்களைக் கைக்கொள்ளும் வீட்டில் மீன் மட்டுமன்றி, அதே கிணற்று நீரை அருந்தி அதே அறையில் உறங்கும் குழந்தைகளும் பாதுகாக்கப்படுவர்.

9. மீன் தெரிதலும் விடுதலும்

முதன்முறை வளர்ப்போர் விசிறிவால் வகையையே தெரிதல் நன்று. அது ஓரளவு வெப்பத்தைத் தாங்கும். குமிழ்க்கண், ரஞ்சு முதலியன பழகியவர்க்கே உரியன. ஒற்றை வாலுள்ள நீண்ட உடல் வகையை உருண்ட வகைகளுடன் சேர்க்கலாகாது. அது விரைந்து நீந்தி உணவு முழுவதையும் உண்டுவிடும். செட்டைகள் விரிந்து, கண் தெளிந்து, உடலில் வெண்புள்ளியோ காயமோ இன்றி, அடியிலும் மேலும் இயல்பாக நீந்தும் மீனே நல்ல மீன்.

புதிய மீனை இரு கிழமை வேறு பாத்திரத்தில் வைத்து நோயில்லை எனக் கண்டபின் தொட்டியில் விடுக. விடும்போது பொலித்தீன் பையைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்க வைத்து, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையிற் சேர்த்து, பின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுதல் வேண்டும். மூன்று மீன்களையும் ஒரே நாளில் விடாது, இரு கிழமை இடைவெளியில் ஒவ்வொன்றாக விடுதல் சாலச் சிறந்தது.

10. உணவும் பராமரிப்பும்

நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவு கொடுக்கலாம். குருணல் உணவைச் சற்று ஊற வைத்துக் கொடுத்தால் வயிறு ஊதி மீன் தலைகீழாக மிதக்கும் நோய் குறையும். தோல் நீக்கி அவித்த பச்சைப் பட்டாணி, அவித்த கங்குன் இலை, நெல் வயலிற் பசளையாக வளர்க்கப்படும் அசோலா, நுளம்புக் குடம்பி ஆகியன நல்ல உணவுகள். கிழமையில் ஒரு நாள் உணவின்றி விடுதலால் தீங்கில்லை.

கிழமைதோறும் நாலில் ஒரு பங்கு நீரை, மணலின் மேலுள்ள அழுக்குடன் குழாயால் உறிஞ்சி அகற்றி, முதல் நாள் ஆற வைத்த நீரை விடுக. வடிகட்டித் துண்டை அகற்றிய தொட்டி நீரிலேயே அலசுக. குழாய் நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவினால் பற்றீரியாக்கள் அழிந்து, தொட்டி மீண்டும் புதுத் தொட்டியாகிவிடும்.

விடியற்காலையில் மீன்களைப் பார்த்தல் நல்ல பழக்கம். செடிகளும் இரவில் ஒட்சிசனை உட்கொள்வதால், விடியுமுன்னரே நீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். அவ்வேளை மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து திணறினால், காற்றூட்டலைக் கூட்டி, நீரில் ஒரு பங்கை மாற்றி, உணவைக் குறைத்தல் வேண்டும்.

11. அகற்றிய நீரின் பயன்

தொட்டியிலிருந்து அகற்றும் நீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் உள்ளன. கிழமைக்கு 40 லீற்றர் நீரும் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுமேடைகளுக்கோ கீரைப் பாத்திக்கோ பயன்படும். கோடையில் கிணற்று நீர் தாழும் காலத்தில் இதுவும் ஓர் உதவியே. ஆயின் மீனின் நோய்க்காக உப்போ மருந்தோ இட்ட நீரைப் பயிருக்கு ஊற்றலாகாது.

12. குளத்தில் விடலாகாது

மீன் பெரிதாகிவிட்டது என்றோ, பராமரிக்க இயலவில்லை என்றோ அதனை அக்கராயன் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவது பெருந் தவறு. பொன்மீன் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும். நீர்ச்செடிகளையும் பிற மீன்களின் முட்டைகளையும் உண்ணும். தொட்டியில் பெற்ற நோயையும் பரப்பும். குளத்து மீனை நம்பி வாழும் நன்னீர் மீனவருக்கு அது கேடு.

இதற்கு இலங்கையில் முன்னரே சான்றுகள் உள்ளன. பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நீர்நிலைகளை மூடத் தொடங்கவே, அதனை ஒழிக்க 1909ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டம் இயற்ற நேர்ந்தது. நூறாண்டு கடந்தும் அது ஒழிந்தபாடில்லை. அலங்கார மீன்களாகக் கொண்டுவரப்பட்ட கத்தி மீனும், தொட்டிக் கண்ணாடியைத் துப்புரவாக்கும் உறிஞ்சி மீனும் நீர்நிலைகளிற் புகுந்து பெருகியுள்ளன. வேண்டாத மீனைக் கடைக்கோ வேறொரு வளர்ப்பவருக்கோ கொடுத்தல் வேண்டும். அகற்றிய செடிகளை வெயிலில் உலர்த்திக் கூட்டெருக் குழியில் இடுக.

13. வருமானம் கருதுவோர்க்கு

இலங்கையிலிருந்து அலங்கார மீன்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்படுகின்றன. அவற்றுள் கப்பி மீன் முதன்மையானது. சென்னையின் கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பும் விற்பனையும் பல குடும்பங்களின் தொழிலாகவே வளர்ந்துள்ளன. எனினும் வன்னியின் வெப்பத்தில் பொன்மீனை இனம்பெருக்குதல் எளிதன்று. வருமானம் வேண்டுவோர் சூட்டையும் கடின நீரையும் விரும்பும் கப்பி, மொலி ஆகியவற்றைச் சிறிய சீமெந்துத் தொட்டிகளில் தொடங்குதல் அறிவுடைமை. இதற்கான பயிற்சியும் ஆலோசனையும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையின் விரிவாக்க உத்தியோகத்தரிடம் கேட்டறியத்தக்கன. முதலீடு செய்யுமுன் அவரைக் காணுதல் நன்று.

முடிவாக நினைவிற் கொள்ள வேண்டியவை

அகன்ற தொட்டி, மூன்றே மீன்கள், நிழலான இடம், பக்குவப்பட்ட நீர், ஓயாத காற்றூட்டல், கிழமைக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீர் மாற்றம், நஞ்சு படாத கையும் வாளியும். இவ்வேழையும் தவறாது கைக்கொள்ளும் வீட்டில், இவ்வாண்டு காலபோக விதைப்பின்போது விட்ட மீன் இன்னும் பல போகங்களைக் காணும். இவற்றுக்கு வசதியில்லாதோர் பொன்மீன் வாங்குவதை ஒத்திவைத்து, ஒரு சாடி நீரில் சில கப்பி மீன்களுடன் தொடங்குவதே மீனுக்கும் குடும்பத்துக்கும் நன்மை பயப்பதாகும்.